மேலதிகச் சான்றுக்காகத் திருப்பி அனுப்பப்படுகிறது

அரசாங்க எழுதுவினைஞராக 31 வருடம் கடமை பார்த்தவன் நான். அக்காலத்தில் என் பேனா எழுதித் தள்ளிய வசனங்களைக் கணக்கெடுத்தால் முதலிடம் பெறும் வசனம் ஒன்று உண்டு. "மேலதிகச் சான்றுகளுடன் மீளச் சமர்ப்பிக்கும்பொருட்டு இத்தால் திருப்பி அனுப்பப்படுகிறது" என்பதே அது. இவ்வசனத்தில் 'இல்லை' என்ற சொல் கிடையாது, கடுமை கிடையாது, எழுதுபவனுக்கு மனச்சுமையும் கிடையாது. கோவை மேசையை விட்டு அகன்றுவிடும். விண்ணப்பகாரனுடைய நம்பிக்கையும் அறுந்துவிடாது. நிருவாக உலகம் கண்டுபிடித்த வசனங்களுள் இதனினும் நாகரிகமானது வேறொன்றில்லை என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தேன்.

சென்ற மார்கழியில் அவ்வெண்ணம் கலைந்தது. ஐக்கிய அமெரிக்காவிற் சட்டம் பயிலும் என் மருமகன் ஒரு கட்டுக் கடதாசிகளை அனுப்பியிருந்தான். "மாமா, நீங்கள் கந்தோரிலை எழுதின வசனம் இஞ்சையும் இருக்குது. வாசிச்சுப் பாருங்கோ" என்று ஒரு துண்டும் அதனோடு இருந்தது. கட்டிலிருந்தவை அந்நாட்டு முன்னாட் போர்வீரர் மேன்முறையீட்டுச் சபையின் தீர்மானங்கள். படைச்சேவையின்போது உடல் நலமோ மன நலமோ கெட்டவர்கள் அரசாங்கத்திடம் இயலாமைக் கொடுப்பனவு கோருவார்கள். அதனை முன்னாட் போர்வீரர் விவகாரத் திணைக்களம் மறுக்கும்போது, அல்லது குறைத்துக் கொடுக்கும்போது, அவர்கள் இச்சபைக்கு மேன்முறையீடு செய்யலாம். கோரிக்கையாளரின் பெயரை நீக்கிவிட்டுச் சபை தன் தீர்மானங்களைப் பொதுமக்கள் பார்வைக்கு வெளியிடுகிறது. அவ்வாறு வெளிவந்த பல்லாயிரத்துள் ஒரு பிடியளவே என்னிடம் வந்தது.

வறண்ட கடதாசிகள் என்று நினைத்தே கையில் எடுத்தேன். மூன்று இரவுகள் அவற்றோடு கழிந்தன. பெயரில்லாத மனிதர்களின் முழங்கால்களும், காதுகளும், கெட்ட கனவுகளும் எண்ணிட்ட பந்திகளுக்குள் அடங்கிக் கிடந்தன. அவற்றைப் பற்றி இவ்வார வாசகர்களோடு சிறிது பேச விரும்புகிறேன்.

இயலாமைக் கொடுப்பனவு பெற விரும்புபவர் மூன்று விடயங்களை நிறுவ வேண்டும். இப்பொழுது ஒரு நோயோ ஊனமோ இருத்தல் வேண்டும். படைச்சேவைக் காலத்தில் ஒரு காயமோ நோயோ சம்பவமோ நேர்ந்திருத்தல் வேண்டும். அதற்கும் இதற்கும் தொடர்புண்டு என்பதும் விளங்க வேண்டும். மூன்றாவதற்குப் பெரும்பாலும் வைத்தியர் ஒருவரின் அபிப்பிராயம் தேவைப்படும். தொடர்பு இருத்தற்கும் இல்லாதிருத்தற்கும் சம வாய்ப்பாவது உண்டு என்று அவர் எழுதினாற் போதும். ஐயந்திரிபற நிரூபிக்கும்படி சட்டம் எவரையும் கேட்கவில்லை.

இம்மூன்றும் நிறுவப்பட்ட பின்னர் இயலாமையைப் பத்துப் பத்தாக நூறு வரை அளப்பார்கள். இந்த அளவையில் ஒரு வேடிக்கை உண்டு. ஐம்பது வீத இயலாமையும் முப்பது வீத இயலாமையும் சேர்ந்தால் எண்பது என்பான் நம் மூன்றாம் வகுப்பு மாணவன். அங்கே அது 65. முதற் காயம் பாதி மனிதனை எடுத்துக்கொண்டது. இரண்டாவது காயம் எஞ்சிய பாதியில் முப்பது வீதத்தை, அதாவது 15 ஐ, மாத்திரமே எடுக்கலாம் என்பது அவர்களது கணக்கு. பின்னர் 65 ஐக் கிட்டிய பத்தாகிய 70 ஆக்குவார்கள். கணித ஆசிரியர்கள் இதனை மெச்சக்கூடும். இரண்டு காயங்களையும் சுமப்பவர் மெச்சுவாரோ அறியேன்.

சபை ஒரு கோரிக்கையை ஏற்கலாம், மறுக்கலாம், இரண்டுமின்றிக் கீழ் அலுவலகத்துக்குத் திருப்பியும் அனுப்பலாம். மேலதிகச் சான்று தேடுக, புதிய வைத்தியப் பரிசோதனை நடத்துக, பின்னர் மீண்டும் தீர்மானிக்குக என்பதே மூன்றாவது வகைக் கட்டளை. இஃது அருமையாக நிகழ்வதன்று. 2017, 2018 ஆம் நிதியாண்டுகளிற் சபை தீர்த்த மேன்முறையீடுகளில் ஏறக்குறையப் பத்துக்கு நான்கு இவ்வாறே திருப்பி அனுப்பப்பட்டன. 2017 ஆம் நிதியாண்டிற் சபை வரை சென்ற மேன்முறையீடு ஒன்று தீர்வடையச் சராசரியாக ஏழு வருடம் பிடித்தது என்று அந்நாட்டு அரசாங்கக் கணக்குப் பரிசோதனை அலுவலகம் எழுதியிருக்கிறது. ஏழு வருடம் என்பது சராசரி. சிலருக்கு அது பதினைந்தாகவும் நீண்டிருக்கிறது.

ஊனமுற்ற வீரனுக்கும் அவன் காட்ட வேண்டிய சான்றுக்கும் இடையிலான வழக்கு அமெரிக்கக் குடியரசின் வயதுடையது. சுதந்திரப் பிரகடனம் செய்த அதே 1776 ஆம் ஆண்டிலேயே அங்கம் இழந்தவர்களுக்கு அரைச் சம்பளம் வழங்கத் தீர்மானித்தார்கள். 1792 இல் அவர்களின் கோரிக்கைகளை விசாரிக்கும் பணியை நீதிபதிகளிடம் ஒப்படைத்தது காங்கிரஸ். நீதிபதிகள் சொல்வதை யுத்தச் செயலாளர் திருத்தலாம் என்றும் அதே சட்டம் கூறிற்று. தாம் சொல்லும் தீர்ப்பை உத்தியோகத்தர் ஒருவர் திருத்துவதாயின் அது தீர்ப்பாகாது என்று நீதிபதிகள் பலர் மறுத்துவிட்டார்கள். ஹெய்பேண் என்ற ஊனமுற்ற வீரரின் பெயரால் அவ்வழக்கு இன்றும் சட்ட மாணவர்களாற் படிக்கப்படுகிறது. அதிகாரப் பிரிவினை பற்றிய பாடமாகவே அதனைப் படிக்கிறார்கள். மறு வருடம் காங்கிரஸ் சட்டத்தை மாற்றிற்று.

பின்வந்த வரலாற்றை விரைவாகவே சொல்லிவிடலாம். உள்நாட்டு யுத்த காலத்தில், 1864 இல், வீரனொருவனின் கோரிக்கையை நடத்தும் சட்டத்தரணி 10 டொலருக்கு மேற் பெறலாகாது என்று விதித்தார்கள். வீரனைச் சுரண்டுவோரிடமிருந்து காக்க வந்த விதி அது. ஆனால் அது அப்படியே உறைந்துபோய், 1985 இல் நாட்டின் அதியுயர் நீதிமன்றத்தாலும் உறுதி செய்யப்பட்டது. பத்து டொலருக்கு வழக்குப் பேசும் சட்டத்தரணி 1985 இல் எங்கே கிடைப்பார்? 1933 இல் மேற்சொன்ன மேன்முறையீட்டுச் சபை தோன்றிற்று. அதன் முடிவை எதிர்த்து நீதிமன்றம் செல்லும் வழி ஏறத்தாழ அடைபட்டே கிடந்தது. 1988 ஆம் ஆண்டுச் சட்டமே இதற்கெனத் தனி நீதிமன்றம் ஒன்றை உண்டாக்கி, பத்து டொலர்க் கட்டையும் தளர்த்தியது.

சான்று என்று ஓயாது சொல்கிறோம். அச்சான்று எங்கே இருக்கிறது? மிசூரி மாநிலத்தில், சென்ற் லூயிஸ் நகரை அடுத்த ஓவர்லாண்ட் என்ற ஊரில், ஆறு மாடிக் கட்டடம் ஒன்று இருந்தது. படைவீரர்களின் சேவைக் கோவைகள் அங்கேதான் அடுக்கப்பட்டிருந்தன. 1973 ஆம் ஆண்டு ஜூலை 12 ஆம் திகதி, நள்ளிரவு கழிந்த சிறிது நேரத்தில், மேல்மாடியில் நெருப்புப் பற்றியது. கோவைகள் இருந்த தளத்தில் நீர் தெளித்து நெருப்பணைக்கும் பொறி கிடையாது. 22 மணி நேரம் தீ அடங்காமல் எரிந்தது. முற்றாக அணைந்துவிட்டதென்று 16 ஆம் திகதியே அறிவித்தார்கள். 1 கோடியே 60 இலட்சம் முதல் 1 கோடியே 80 இலட்சம் வரையான கோவைகள் அழிந்தன. 1912 நவம்பர் முதல் 1959 முடியும் வரை தரைப்படையிலிருந்து விலகியோரின் கோவைகளில் நூற்றுக்கு எண்பது போயிற்று. 1947 செப்டெம்பர் முதல் 1963 முடியும் வரை விமானப்படையிலிருந்து விலகியோருள், பெயர் அகரவரிசையில் 'ஹபார்ட்' என்பதற்குப் பின் வருவோரின் கோவைகளில் நூற்றுக்கு எழுபத்தைந்து போயிற்று. ஒருவனுடைய பெயரின் முதலெழுத்து அவனுடைய முதுமைக்கால வருவாயைத் தீர்மானிக்கும் என்று அவனுக்குப் பெயரிட்ட பெற்றோர் கனவிலும் கருதியிருக்கமாட்டார்கள். அக்கோவைகளுக்குப் பிரதிகள் இல்லை; என்னென்ன இருந்தன என்று காட்டும் அட்டவணையும் இல்லை.

1981 இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்த இரவைக் கண்ட தலைமுறைக்கு இதன் பொருளை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

மிஞ்சியவற்றைக் காப்பாற்ற அவர்கள் பட்ட பாடு பெரிது. நனைந்த கட்டுகளை விமானத் தொழிற்சாலை ஒன்றிலிருந்த பெரிய வெற்றிடக் கூடத்தில் இட்டு உலர்த்தினார்கள். படைப்பிரிவுகளின் காலை அறிக்கைகள், சம்பளப் பட்டியல்கள் முதலிய பக்க ஆவணங்களிலிருந்து அழிந்ததை மீளக் கட்ட முயன்றார்கள். 1988 இல் இன்னுமொரு புதையல் கிடைத்தது. படை வைத்தியசாலைகளில் அனுமதி பெற்றோரின் விபரம் அடங்கிய ஏறத்தாழ ஒரு கோடிப் பதிவுகள் பழைய கணினி நாடாக்களில் உறங்கிக் கிடந்தன. இவற்றையெல்லாம் குறைத்து மதிப்பிடலாகாது. எனினும் ஒரு கேள்வி நிற்கிறது. ஏடுகளை வைத்திருந்தது அரசாங்கம். எரிந்தது அரசாங்கத்தின் கட்டடம். ஏடு இல்லாத குறை யாருடைய தலையில் வந்து விடிகிறது? இவ்வாறு ஏடு அழிந்தவிடத்துச் சபை மற்ற வழக்குகளிலும் பார்க்கக் கூடிய கவனத்தோடு ஆராய்ந்து, தன் முடிவுக்கு விரிவாகக் காரணம் கூறக் கடமைப்பட்டது என்று 1991 இல் நீதிமன்றம் சொல்லிற்று. நல்ல தீர்ப்பு. ஆனால் கூடிய கவனம் என்பதற்கு நடைமுறையில் என்ன பொருள்? இன்னும் தேடுக என்பதே பொருள். அதாவது, கோவை மீண்டும் திரும்பிப் போகும்.

கட்டிலிருந்த தீர்மானங்கள் பலவற்றிலும் திரும்பத் திரும்ப வரும் கூறுகளைச் சேர்த்து, ஒரு மனிதராக இங்கே நிறுத்துகிறேன். அவர் 1951 இற் கொரியாவில் 105 மில்லிமீற்றர் பீரங்கிக்குப் பக்கத்தில் நின்றவர். அக்காலத்திற் காதுக்கு உறையிடும் வழக்கம் இல்லை. 1953 இல் விலகினார். பின்னர் ஐம்பது வருடம் பண்ணையிலும் கடையிலும் உழைத்தார். காது வர வர மந்தமாயிற்று; உள்ளே இரைச்சல் ஓயவில்லை. முதுமையில், மகள் வற்புறுத்தியதால், கோரிக்கை இட்டார். அவருடைய கோவை 1973 இல் எரிந்துபோனவற்றுள் ஒன்று. விளிம்பு கருகிய ஒரேயொரு தாள் எஞ்சியிருந்தது. அது விலகும்போது நடந்த வைத்தியப் பரிசோதனையின் தாள். அதில் இரண்டு காதுகளுக்கும் எதிரே '15/15' என்று குறித்திருந்தது.

அந்த 15/15 என்ன என்று அறிய எனக்கும் ஆவல் உண்டாயிற்று. வைத்தியர் பதினைந்து அடி தூரத்தில் நின்று மெல்லக் குசுகுசுப்பார். வீரன் அதனைத் திரும்பச் சொன்னால் முழுப் புள்ளி. விலகி வீட்டுக்குப் போகும் அவசரத்தில் வரிசையாக நிற்கும் இளைஞர்கள், வைத்தியருக்கும் அவசரம். உயர்ந்த சுருதியொலிகளைக் கேட்கும் திறனே பீரங்கியோசையால் முதலிற் கெடும். அக்கேட்டை இச்சோதனை காட்டாது என்பதை இன்று எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். ஆயினும் தாள் தாள்தான். கீழ் அலுவலகம் அதனைக் காட்டிக் கோரிக்கையை மறுத்தது.

மேன்முறையீடு சபைக்குப் போயிற்று. பக்க ஆவணங்களைத் தேடவில்லை, பரிசோதனை நடத்தவில்லை என்று சொல்லிச் சபை திருப்பி அனுப்பியது. கிழவருக்கு ஒரு படிவம் வந்தது. எப்படைப்பிரிவு, எவ்விடம், எத்திகதி என்று அது கேட்டது. ஆவணத் தேடலுக்கு இரண்டு மாதத்துக்கு உட்பட்ட காலவெல்லையைக் குறித்துத் தரல் வேண்டும் என்பது நீண்டகால வழக்கம். ஐம்பது வருடத்துக்கு முன் காதுக்கருகே வெடித்த வெடி எந்த இரண்டு மாதத்துக்குள் வெடித்தது? அறுபது நாள் எல்லை திணைக்களத்தின் வசதிக்காக வந்தது, வீரன் நீண்ட காலம் ஒன்றைச் சொன்னால் அறுபது அறுபது நாளாகப் பிரித்துப் பல முறை தேடவேண்டியது திணைக்களமே என்று 2015 இல் நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. அதுவரை எத்தனை பேர் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டிருப்பார்களோ!

காது நிபுணர் பரிசோதித்தார். விலகும்போது காது நன்றாயிருந்தது, ஆகவே இது சேவையால் வந்ததன்று என்று இரண்டு வரி எழுதினார். மீண்டும் சபை. விலகும்போது நன்றாயிருந்தமை மாத்திரம் ஒரு கோரிக்கையைத் தோற்கடிக்காது என்பது 1993 முதல் உள்ள சட்டம். குசுகுசுப்புச் சோதனையை நம்பிய அபிப்பிராயம் போதாது என்று கூறிச் சபை இரண்டாம் முறையும் அனுப்பியது. இம்முறை வேறொரு நிபுணர். ஊகத்தில் இறங்காமல் எதுவும் சொல்ல இயலாது என்று அவர் எழுதினார். ஏன் இயலாது என்று காரணம் காட்டாவிட்டால் அதுவும் போதாது என்பது 2010 இல் வந்த தீர்ப்பு. மூன்றாம் முறையும் கோவை இறங்கிற்று. இதற்கிடையே அவர் மனைவி தம் கையால் ஒரு கடிதம் எழுதியிருந்தார். 1954 இல் மணமுடித்த நாள்முதற் கதவு தட்டும் ஓசை இவருக்குக் கேட்டதில்லை, ஒவ்வொரு முறையும் நானே எழுந்து போய்த் திறப்பேன் என்பது அதன் சாரம். அக்காலத்து வைத்தியக் குறிப்பு இல்லை என்ற ஒரே காரணத்தால் இத்தகைய சொற்சாட்சியத்தைத் தள்ளலாகாது என்று 2006 முதல் உயர்ந்த நீதிமன்றம் சொல்லியிருக்க, இரண்டு நிபுணர்களும் அக்கடிதத்தைத் திறந்தே பார்க்கவில்லை.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். அந்த மூன்று கட்டளைகளில் எந்த ஒன்றிலும் என்னாற் பிழை காண முடியவில்லை. முதல் முறையே சபை ஒரு முடிவு சொல்லியிருந்தால், கோவையில் இருந்ததை வைத்து மறுப்பையே சொல்லியிருக்கும். திருப்பி அனுப்பப்பட்ட கோவைகள் பல ஈற்றில் வெற்றியோடு முடிந்திருக்கின்றன; அப்பொழுது கோரிக்கையிட்ட நாள்முதற் கணக்கிட்டு நிலுவைப் பணமும் கிடைக்கிறது. பொய்க் கோரிக்கையே இல்லையென்றும் எவரும் சொல்லமாட்டார். கோவையைச் சரிவரப் பாராமல் தீர்மானிக்கும் உத்தியோகத்தரிலும் திருப்பி அனுப்புபவர் நல்லவர். நானும் அந்த நல்லவர்களுள் ஒருவனாகவே என்னைக் கருதியிருந்தேன்.

என் மேசைக்கு ஒருமுறை ஒரு மூதாட்டியின் கோவை வந்தது. வீதி வேலைத் தொழிலாளி ஒருவரின் விதவை. கணவரின் பெயர் விவாகப் பதிவில் 'ர்' என்றும் சேவைப் புத்தகத்தில் 'ன்' என்றும் முடிந்திருந்தது. இருவரும் ஒருவரே எனச் சத்தியக்கடதாசி முடித்து வருமாறு எழுதினேன். முடித்து வந்தார். அதில் பிறந்த திகதி விடுபட்டிருந்தது. மீண்டும் எழுதினேன். மூன்றாம் முறை அக்கடதாசியை மகன் கொண்டுவந்தான். கையில் வைத்துக்கொண்டே, "ஐயா, அம்மா போன கிழமை மோசம் போட்டா. இது இனித் தேவையோ?" என்று கேட்டான். விதிப்படி என்ன பதில் சொல்ல வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அதையே சொன்னேன்.

அமெரிக்கச் சட்டத்தில் என்னைப் பெரிதும் கவர்ந்தது ஐயத்தின் பலன் பற்றிய விதி. சாதகமான சான்றும் பாதகமான சான்றும் ஏறத்தாழச் சமமாக நின்றால் வீரனுக்கே வழங்க வேண்டும். 1990 இல் இதனை விளக்கிய நீதிமன்றம் அவர்களது பேஸ்போல் விளையாட்டிலிருந்து உவமை எடுத்தது. பந்தும் ஓடுபவனும் ஒரே கணத்தில் வந்து சேர்ந்தால் ஓடுபவனுக்கே வெற்றி என்பது அவ்வுவமை. சாதாரண வழக்காளி எவருக்கும் கிடைக்காத சலுகை இது. ஒரு நாடு தன் வீரனுக்கு, "உன் சொல்லும் எதிர்ச்சொல்லும் சமமாயின் உன் பக்கம் நிற்பேன்" என்று வாக்களித்திருக்கிறது.

அவ்வாக்கு நிறைவேற வேண்டுமாயின் யாராவது ஒருவர் தராசை நிறுத்திப் பார்க்க வேண்டும். திருப்பி அனுப்பும் கட்டளை தராசில் இன்னொரு கல்லை வை என்கிறது. அதற்குப் பின் இன்னொன்று. போதிய சான்று இருக்கும்போது, மறுப்பதற்கு வழி தேடும் நோக்கோடு மேலும் சான்று திரட்டலாகாது என்று 2003 இல் நீதிமன்றம் எச்சரித்தது. அத்தகைய நோக்கம் பெரும்பாலோரிடம் இல்லை என்றே நம்புகிறேன். அவர்களிடம் இருப்பது என்னிடம் இருந்ததே. கையொப்பமிட அஞ்சும் பழக்கம். ஐயம் நிலவும்போதே வழங்கிவிடு என்று சட்டம் சொல்கிறது. ஐயம் தீர்ந்த பின்னரே கையொப்பமிடு என்று கந்தோர் கற்பித்திருக்கிறது.

வீரனைக் காக்க வந்த ஏற்பாடு அவனது காலத்தைத் தின்ற கதை இன்னொன்றும் உண்டு. 2002 இல், கோவையைக் கீழே அனுப்பாமற் சபையே சான்றைத் திரட்டிக்கொள்ளலாம் என ஒரு விதி செய்தார்கள். விரைவு கருதிய ஏற்பாடு. மறு வருடமே சமஷ்டி மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனைத் தள்ளிவிட்டது. புதிய சான்றை முதலிற் கீழ் அலுவலகம் பார்த்து முடிவு சொன்னாலன்றோ சபை அதனை மேன்முறையீடாகப் பார்க்கலாம்? இரண்டு பார்வை வீரனின் உரிமை; சபையே முதலிலும் முடிவிலும் பார்த்தால் ஒரு பார்வை போய்விடும். வழக்கைத் தொடுத்தது ஊனமுற்ற போர்வீரரின் சங்கமே. அவர்கள் வென்றார்கள். கோவைகள் மீண்டும் இறங்கத் தொடங்கின. திருப்பி அனுப்பிய கட்டளையைக் கீழ் அலுவலகம் ஒழுங்காக நிறைவேற்றாவிடின் வீரன் அதனை வற்புறுத்த உரிமையுடையவன் என்று 1998 இலேயே தீர்ப்பு உண்டு. அவ்வுரிமையின் பயனும் மீண்டுமொரு முறை திருப்பி அனுப்புதலே.

அந்நாட்டு வீரர்கள் இதனைக் கூட்டிலிட்ட சிற்றெலி ஓடும் சக்கரத்துக்கு ஒப்பிடுவார்களாம். நம் ஊர்ச் செக்குமாடு இதனிலும் பொருந்தும். அதற்கு எண்ணெயாவது மிஞ்சும். சட்டத்தரணிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. நீதிமன்றம் கோவையைத் திருப்பி அனுப்பினாற் பல சந்தர்ப்பங்களில் அதுவே வெற்றியாகக் கருதப்பட்டு, சட்டத்தரணியின் கூலியை அரசாங்கம் கொடுக்கும். அதிற் குற்றமில்லை, இல்லாவிடின் அவ்வழக்குகளைத் தொடுவார் அருகியே இருப்பர். ஆயினும் ஒரே கட்டளையாற் சட்டத்தரணி பணமும் வீரன் இன்னொரு காத்திருப்பும் பெறுவது கண்ணை உறுத்தாமற் போகாது.

காலம் இரு பக்கத்துக்கும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. டேவிட் ஹென்டர்சன் என்பவர் கொரிய யுத்தத்தின்போது சேவையாற்றி, 1952 இற் கடும் மனநோய் காரணமாக விடுவிக்கப்பட்டவர். 2001 இல் வீட்டுப் பராமரிப்பு உதவி கோரினார். 2004 இற் சபை மறுத்தது. நீதிமன்றம் செல்ல 120 நாள் தவணை. அவர் பதினைந்து நாள் பிந்திவிட்டார். தம்மைப் பிந்தச் செய்ததும் அந்நோயே என்றார். கோரிக்கைக்கு முடிவு சொல்ல மூன்று வருடம் எடுத்ததை எவரும் கேட்கவில்லை. இவருடைய பதினைந்து நாள் அதியுயர் நீதிமன்றம் வரை சென்றது. 2011 மார்ச் 1 ஆம் திகதி, அத்தவணை தாண்டினாற் கதவு முற்றாக மூடிவிடாது என்று அவர் பக்கம் தீர்ப்பாயிற்று. அதனைக் கேட்க அவர் உயிரோடு இல்லை. மனைவியின் பெயரிலேயே வழக்கு முடிந்தது.

உண்மையில் 2008 வரை வீரன் இறந்தால் அவன் வழக்கும் அவனோடு இறந்தது. அவ்வருடம் ஒக்ரோபரில் வந்த சட்டம், மனைவி, பிள்ளைகள் முதலியோர் ஒரு வருடத்துக்குள் விண்ணப்பித்து அவன் இடத்தில் நின்று வழக்கைத் தொடரலாம் என்றது. எழுபத்தைந்து வயது கடந்தவர்களின் கோவையை வரிசையில் முன்னே எடுக்கவும் விதி உண்டு. முன்னே எடுத்த கோவையையும் திருப்பி அனுப்பலாம் என்பது வேறு விடயம்.

இதற்கு மருந்தே இல்லையா என்று கேட்டால், ஒரு மருந்தை அவர்களே கண்டிருக்கிறார்கள். அதற்கு வியட்நாமைப் பார்க்க வேண்டும். 1962 முதல் 1971 வரை அக்காடுகளின்மேல் இலையுதிர்க்கும் நஞ்சை விமானங்களிலிருந்து தெளித்தார்கள். எந்த வீரன்மீது எத்தனை துளி விழுந்தது என்று எவரால் நிரூபிக்க முடியும்? 1991 ஆம் ஆண்டுச் சட்டம் அக்கேள்வியையே எடுத்துவிட்டது. வியட்நாமிற் சேவை செய்திருந்தால் நஞ்சு பட்டதாகவே கொள்ளப்படும். குறித்த நோய்கள் அதனால் வந்தனவாகவே கொள்ளப்படும் என்றது. அரசாங்கம் சுமையைத் தன் தோளில் ஏற்றிக்கொண்டவுடன் சான்று தேடும் பயணமும் சுருங்கிற்று.

ஆனாற் பேனா பிடித்தவன் விடுவானா? பின்னர் வந்த விளக்கத்தின்படி அந்நாட்டு மண்ணில் அல்லது உள்நீர்வழியில் இருந்தவர்களுக்கே இச்சலுகை. கரைக்கு அப்பாற் கடலில் நின்ற கப்பற்காரருக்கு இல்லை. 2008 இல் நீதிமன்றமும் அவ்விளக்கத்தை ஏற்றது. அன்றுமுதல் முதிய மாலுமிகள் ஒரே ஒரு தடவையேனும் தம் கால் வியட்நாம் மண்ணில் பட்டதென்று நிரூபிக்கப் புறப்பட்டார்கள். கப்பல்களின் நாட்குறிப்புகளைத் தேடும்படி கோவைகள் திருப்பி அனுப்பப்பட்டன. எந்தக் கப்பல் எந்த நாளில் எந்த ஆற்றுமுகத்தில் நங்கூரமிட்டது, படகிற் கரைக்குச் சென்றவர் யார் என்று தேடினார்கள். கப்பலின் நாட்குறிப்பு கப்பலைப் பற்றி எழுதும். கடிதப்பை எடுக்கக் கரையிறங்கிய மாலுமியின் பெயரை அது ஏன் எழுதப்போகிறது? 2019 ஜனவரியில் சமஷ்டி மேன்முறையீட்டு நீதிமன்றம் தன் போக்கை மாற்றி, கரையிலிருந்து பன்னிரண்டு கடல் மைல் வரையான கடலும் அந்நாடே என்றது. அவ்வருடமே காங்கிரசும் சட்டம் இயற்றியது. தெளிப்பு நின்று 48 வருடம் ஆகியிருந்தது. 2022 ஓகஸ்டில் வந்த சட்டம், ஈராக், ஆப்கானிஸ்தான் முதலிய களங்களிற் குப்பை எரித்த குழிகளின் புகையைச் சுவாசித்தவர்களுக்கும் இத்தகைய அனுமானத்தை விரித்திருக்கிறது.

மேன்முறையீட்டு முறையையும் 2017 ஆம் ஆண்டுச் சட்டத்தால் மாற்றினார்கள். 2019 பெப்ரவரியில் அது நடைமுறைக்கு வந்தது. புதிய சான்று உள்ளவனுக்கு ஒரு பாதை, மூத்த அலுவலர் மீளப் பார்க்க வேண்டுவோனுக்கு ஒன்று, சபைக்கு நேரே செல்வோனுக்கு ஒன்று எனப் பிரித்தார்கள். கீழ் அலுவலகம் தன் உதவிக் கடமையில் முன்னரே தவறியிருந்தால் அதற்காகத் திருப்பி அனுப்பும் வழக்கம் மாத்திரம் மாறவில்லை. முன்பு அனுப்பிய கோவை தானாகச் சபைக்கு மீளும். இப்பொழுது கீழே புதிய முடிவு சொல்லப்படும், அதிலும் தோற்றவர் மீண்டும் தாமே மேன்முறையீடு செய்ய வேண்டும். ஐயத்தின் பலனும் 2025 மார்ச்சில் அதியுயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. சான்றுகள் சமநிலையில் உள்ளனவா என்று சபை கண்ட முடிவில், தெட்டத் தெளிவான தவறு இருந்தாலன்றிக் கீழ் நீதிமன்றம் தலையிட வேண்டியதில்லை என்று ஏழு நீதிபதிகள் சொன்னார்கள், இருவர் உடன்படவில்லை. தராசு ஈற்றிற் சபையின் கையிலேயே நிற்கிறது.

மருமகன் அனுப்பிய கட்டின் மேற்பகுதியில் இரண்டே தாள் கொண்ட தீர்மானம் ஒன்று இருந்தது. மற்றவற்றோடு ஒப்பிட மிக மெல்லியது. அதனாலேயே முதல் நாள் அதனைப் புறத்தே வைத்துவிட்டேன். மூன்றாம் இரவு எடுத்துப் பார்த்தேன். மேன்முறையீடு நிலுவையில் இருக்கையில் மேன்முறையீட்டாளர் இறந்துவிட்டார். ஆகவே சபைக்கு இதனை விசாரிக்கும் அதிகாரம் இல்லை. மேன்முறையீடு தள்ளுபடி செய்யப்படுகிறது. அவர் இடத்தில் நிற்கத் தகுதியுடையோர் ஒரு வருடத்துக்குள் விண்ணப்பிக்கலாம் என்று மாத்திரம் எழுதியிருந்தது. பெயர் இல்லை. வழக்கிலக்கம் மாத்திரம் உண்டு.

எழுதுவினைஞனின் கை சும்மா இராது. அவ்விலக்கத்தைப் பிடித்துக்கொண்டு கட்டை அடிவரை புரட்டினேன். கீழிருந்து நான்காவது தீர்மானத்தில் அதே இலக்கம். அதற்கு மூன்று வருடம் முந்தியது. காதைப் பற்றியது. மேலதிகச் சான்றுக்காகத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். கடைசிப் பந்தியில், இவ்விடயம் தாமதமின்றிக் கவனிக்கப்படல் வேண்டும் என்று இருந்தது.